லலிதா சொன்னது சம்மதம் அல்ல

செய்தி வந்தபோது நான் பேரையூரில், என் தம்பி பேத்தியின் காதுகுத்துப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். இலையில் சோறு விழுந்துவிட்டது, குழம்பு இன்னும் வரவில்லை. மடியில் கிடந்த போன் அடித்தது. என் மகள்வழிப் பேத்தி கயல்விழி.

"அம்மாச்சி, லலிதா மேடம் போயிட்டாங்க."

"எங்க போயிட்டா? முந்தாநேத்துப் பேசுனப்ப வீட்லதான இருப்பேன்னா."

அந்தப் பக்கம் கயல் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அதன் பிறகுதான் எனக்கு உறைத்தது. இலையை மடக்கிவிட்டு எழுந்தேன். தம்பி ஓடி வந்தான்.

"என்னக்கா, பாதியில எந்திரிக்கிற?"

"எங்க தெருவுல ஒரு சாவு."

"சொந்தமா?"

"ஆமா" என்று சொல்லிவிட்டேன். லலிதா சௌராஷ்டிரக்காரி. அவள் வீட்டில் பேசுகிற மொழியில் எனக்கு ஒரு சொல்கூடத் தெரியாது. நாங்கள் பேரையூர்ப் பக்கத்தில் காடு கழனி பார்க்கிற சம்சாரிகள். எந்தக் கணக்கில் பார்த்தாலும் சொந்தம் வராது. ஆனாலும் வாயில் ஆமா என்றுதான் வந்தது.

திருமங்கலம் வந்து பஸ் மாறி, திருநகர் வருகிற வரைக்கும் ஒரு சொல் என் மண்டைக்குள்ளேயே கிடந்தது. மேடம். கயல் முன்பெல்லாம் அவளை லலிதாம்மா என்றுதான் கூப்பிடுவாள். மேடம் ஆனது பிறகு. அது எப்படி ஆனது என்பதையும் இதில் எழுதப்போகிறேன்.

நம் குடியிருப்போர் சங்கத்தில், இரங்கல் கூட்டத்துக்கு நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். அதற்குப் பிறகு படிக்க வைக்கவில்லையே தவிர, படிப்பதை நான் விடவில்லை. இந்தத் தெருவில் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசிக்கிறவள் நான் ஒருத்திதான். செயலாளர் ஒரு விஷயம் கேட்டுக்கொண்டார். லலிதாவின் மேலாளர் பெயரையும் அவள் வேலை பார்த்த விமானக் கம்பெனியின் பெயரையும் போட வேண்டாம் என்றார். போடவில்லை. நடந்ததைப் போட வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.

லலிதா நம் தெருவுக்குக் குடிவந்த புதிதில் நான்தான் முதலில் போய்ப் பேசினேன். என்ன வேலை என்று கேட்டேன். கம்ப்யூட்டர் என்றாள். "எங்க பேத்தியும் கம்ப்யூட்டர்தான் படிக்கிறா" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"எல்லாரும் அதைத்தான் படிக்கிறாங்க அக்கா. வேலை செய்யத் தெரியுமா?"

எனக்கு வந்த கோபத்தில் கொண்டுபோயிருந்த முருங்கைக்காயைக் கொடுக்காமலே திரும்பிவிட்டேன். ரொம்ப நாள் அவளோடு பேசவில்லை. அவள் அப்படித்தான். தண்ணீர் லாரிக்காரரோடு சண்டை போடுவாள், கேபிள்காரரோடு சண்டை போடுவாள். உங்களில் பாதிப் பேர் அவளிடம் வாங்கிக் கட்டியிருப்பீர்கள். செத்துப்போனதால் அவளைச் சாந்தசொரூபி என்று யாராவது மேடையில் பேசினால் நான் எழுந்து போய்விடுவேன்.

பிறகு கயல் பரீட்சை எழுதி லலிதாவின் ஆபீசிலேயே வேலைக்குச் சேர்ந்தாள். நன்றி சொல்லப் போனேன். "நான் ஒண்ணும் செய்யல. செஞ்சிருந்தா உங்க முன்னாடி இப்படி நிமிந்து நிப்பனா?" என்றாள். அன்றைக்கு முருங்கைக்காயைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அவள் செய்த வேலை என்னவென்று தெருவில் பல பேருக்குத் தெரியாது. ஒரு பெரிய விமானக் கம்பெனி. அதில் யார் எந்த விமானத்தில் எந்தச் சீட்டில் போகிறார் என்பதைப் பழைய காலத்துக் கம்ப்யூட்டர் ஒன்று வைத்திருந்தது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடுகிற காலத்தில் எழுதினது. கயல் பிறப்பதற்கு முன்னால் எழுதினது. அதை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றைக் கொண்டுவர வேண்டும். ஆனால் ஒரு நாள்கூட விமானத்தை நிறுத்தக் கூடாது. "ஓடுற பஸ்ஸுல உக்காந்துக்கிட்டே சக்கரம் மாட்டணும், அம்புட்டுதான் என் வேலை" என்று சொல்லுவாள். அந்தப் பழையதன்மேல் அவளுக்குப் பாசமெல்லாம் கிடையாது. "இதைப் புதைச்சுட்டுத்தான் நான் ரிட்டயர் ஆவேன்" என்பாள். அது தப்பாக ஏதாவது காட்டினால் கயல் பதறுவாள். லலிதா பதறமாட்டாள். "மிஷின் பொய் சொல்லாது. அதுக்கு அம்புட்டுப் புத்தி கிடையாது. எவனோ சொல்லிக் குடுத்திருக்கான், தேடு" என்பாள்.

அந்தப் பழைய கம்ப்யூட்டரோடு எனக்கும் ஒரு பழக்கம் உண்டு. புனேயில் இருக்கிற என் மகனைப் பார்க்க முதல் தடவை விமானம் ஏறப் போனேன். மதுரை விமான நிலையத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு பெண் வந்து, "திருமதி கருப்பையா, திருமதி கருப்பையா" என்று கூப்பிடுகிறாள். கருப்பையா என் அப்பா. திருமதி கருப்பையா என்றால் என் அம்மா. அவள் காலமாகி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அந்தப் பெண் என் முன்னாலேயே வந்து நின்று, "பாட்டி, நீங்கதான கருப்பையா?" என்றாள். என் பெயருக்கு முன்னால் இருக்கிற 'க' என்கிற ஒற்றை எழுத்தைப் போட அதில் இடம் இல்லையாம். அதனால் அப்பா பெயரை முழுசாகப் போட்டு, அதையே குடும்பப் பெயராக்கி, அதற்கு என்னைத் திருமதியும் ஆக்கிவிட்டது.

ஊருக்கு வந்து லலிதாவிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "உங்க அப்பாவுக்கே உங்களைக் கட்டி வச்சிருச்சா" என்றாள். சிரித்து முடித்ததும் முகம் மாறிவிட்டது.

"அதை எழுதுனவனுக்கு இனிஷியல்னு ஒண்ணு இருக்குறதே தெரியாது அக்கா. எங்க ஆளுகளுக்குக் குடும்பப் பேரு உண்டு. அதையும் நாங்க ஒத்தை எழுத்தாக்கி முன்னாடி ஒட்ட வச்சுக்கிட்டோம். எங்க மாமியாரும் இப்படித்தான் ஏர்போர்ட்ல முழிச்சாங்க. ஒத்தைப் பேரை ஒத்தைப் பேரா எழுத வைக்காம நான் விடமாட்டேன்."

எழுதவும் வைத்தாள். அது வேலைக்கு வந்தபோது அவள்தான் அங்கே இல்லை.

இனிமேல் எழுதப்போவதைத்தான் நீங்கள் கவனித்துப் படிக்க வேண்டும்.

புதியதை ஓடவிட ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று கம்பெனி தேதி குறித்துவிட்டது. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை கயலும் லலிதாவும், லலிதா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கயலுக்கு மதியச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனேன். சென்னையில் இருந்த மேலாளரோடு கம்ப்யூட்டரில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. மூன்று பேரும் தமிழ் ஆட்கள், தமிழில்தான் பேசினார்கள். நான் ஓரமாக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

"இல்ல தம்பி, முடியாது" என்று லலிதா சொல்லிக்கொண்டிருந்தாள். "ரெண்டு பிளேன் மாறிப் போறவங்களுக்கு ரெண்டாவது பிளேன் சீட்டே காணாமப் போகுது. ஒத்திகையிலேயே போகுது. நெசத்துல விட்டா ஜனங்க நடுவழியில நிப்பாங்க."

"மேல தேதி சொல்லிட்டாங்க அக்கா. விளம்பரமும் வந்துருச்சு."

"விளம்பரத்தை மாத்தச் சொல்லுங்க. எனக்கு நாலு மாசம் வேணும்."

"நான் மேல பேசிப் பாக்குறேன். எதுக்கும் ஞாயித்துக்கிழமைக்கு ரெடியா இருங்க. அப்புறம் கூப்பிடுறேன்."

"சரி, சரி. சரி தம்பி, வைங்க."

கம்ப்யூட்டரை மூடினாள். எங்கள் பக்கம் திரும்பி, "கூப்பிடுவான்ங்குறீங்க? கூப்பிட மாட்டான்" என்றாள். கயலுக்கு நான் கொண்டுபோன கத்தரிக்காய்க் கூட்டில் அவளும் ஒரு கரண்டி போட்டுக்கொண்டாள்.

அவர் கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர்களே ஓடவிட்டுவிட்டார்கள். அந்த வெள்ளிக்கிழமைக் கம்ப்யூட்டர் கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்று மேலாளர் எழுதி வைத்திருந்ததில், லலிதா சம்மதம் தெரிவித்தார் என்று இருந்ததாம். அந்த "சரி"தான் சம்மதம்.

நம் ஊரில் போனை வைக்க வேறு என்ன சொல் இருக்கிறது? கேஸ் தீர்ந்துவிட்டது, அடுத்த வாரம்தான் வரும் என்றால் சரி என்றுதான் வைக்கிறோம். தப்பான நம்பர் என்றாலும் சரி, வைங்க என்கிறோம். இழவுச் செய்தி சொன்னால்கூட, "சரி, வாரேன்" என்று சொல்லித்தான் வைக்கிறோம். அந்தச் சாவுக்குச் சம்மதம் கொடுத்துவிட்டோம் என்றா அர்த்தம்? அந்த மேலாளர் இங்கிலீஷ்காரர் இல்லை. தமிழ்த்தாய் வயிற்றில் பிறந்து, தமிழில் சரி சொல்லிச் சொல்லியே போனை வைத்து வளர்ந்தவர். தெரியாமல் எழுதினார் என்று என்னிடம் யாரும் சொல்ல வேண்டாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை லலிதா சொன்னதுதான் நடந்தது. டில்லியிலும் மும்பையிலும் ஜனங்கள் இறங்கி நிற்க, அடுத்த விமானத்தில் அவர்களுக்குச் சீட்டே இல்லை. வயசானவர்கள் தரையில் பெட்டிமேல் தலைவைத்துப் படுத்திருந்ததை டிவியில் காட்டினார்கள். கடைசியில் பழைய பச்சை எழுத்தையே திரும்ப ஓடவிட்டார்கள்.

நம் தெரு என்ன செய்தது என்பதையும் எழுத வேண்டும் அல்லவா. நம் வரிசையில் ஒரு வீட்டில் மகளுக்கு வளைகாப்பு. மாப்பிள்ளை மும்பையில் மாட்டிக்கொண்டார். அந்த வீட்டம்மா என்னை வழிமறித்துக் கேட்டார்கள்: "ஏக்கா, உங்க கூட்டாளி எந்தப் பட்டனை அமுக்கித் தொலைச்சா? எங்க மருமகன் இல்லாமலே வளையல் போட்டோம்." முக்குக் கடையில் டீ குடிக்கிற ஒருத்தர், அவள் போகும்போது அவள் காதில் விழுகிற மாதிரி, "மாப்ள, பிளேனை நிப்பாட்டுன அம்மா போகுது, வழி விடு. நம்ம பைக்கையும் நிப்பாட்டிரும்" என்றார். கடையே சிரித்தது. லலிதா நின்றாள். "உங்க பைக்கை நிப்பாட்ட நான் வேணாம் அண்ணே. அதுல பெட்ரோல் இருந்தாத்தான" என்று சொல்லிவிட்டு நடந்தாள். வீட்டுக்கு வந்த பிறகு அழுதாள். அதைப் பார்த்தவள் நான்.

கம்பெனியில் விசாரணை வைத்தார்கள். மதுரை ஆபீசுக்கு வந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். கயலையும் கேட்டார்கள். லலிதா மேடம் சம்மதம் சொன்னார்களா, வேண்டாம் என்றார்களா? என் பேத்தி, "எனக்குச் சரியா ஞாபகம் இல்லை" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அன்றைக்குச் சாயங்காலம் அவளை உட்கார வைத்துக் கேட்டேன்.

"என்னடி ஞாபகம் இல்ல உனக்கு? அன்னைக்குக் கத்தரிக்காய்ல உப்புக் கம்மின்னு நீ சொன்னது ஞாபகம் இருக்கா?"

"அம்மாச்சி, எங்க மேனேஜர் வெளிநாட்டு ஆபீஸ் வேலைக்கு என் பேரை அனுப்பியிருக்காரு."

"அதுக்கு?"

"அதுக்குத்தான்."

"அப்ப என்னைக் கேக்கச் சொல்லு. நான் அங்கனதான் உக்காந்திருந்தேன்."

"உன்னை எப்படிக் கேப்பாங்க? நீ கம்பெனி ஆளா?"

"தமிழ் ஆளு. அந்த ஒத்தைச் சொல்லுக்கு அது பத்தாதா?"

அவள் எழுந்து போய்விட்டாள். என் பேத்தி பிளேன் கம்பெனியில் இருக்கிறாள் என்று இந்தத் தெருவில் நான் சொல்லாத வீடு கிடையாது. காய்கறி வண்டிக்காரர் வரைக்கும் சொல்லியிருந்தேன். அதற்குப் பிறகு சொல்லவில்லை. அந்த மாதத்தில்தான் லலிதாம்மா, மேடம் ஆனாள். அம்மா என்று கூப்பிட நாக்கு வரவில்லை போலிருக்கிறது.

லலிதாவை ராஜினாமா எழுதித் தரச் சொன்னார்கள். அவள் அடம்பிடித்தாள். ஒத்திகை தோற்றதை எல்லாம் எடுத்துக் காட்டினாள். சம்மதம் என்று எழுதியதை மட்டும் மாற்றுங்கள், போய்விடுகிறேன் என்றாள். மாற்றவில்லை, வேலையைவிட்டு அனுப்பினார்கள். அனுப்பிய பிறகு என்ன செய்தார்கள் தெரியுமா? அவள் கேட்ட அந்த நாலு மாதத்தை எடுத்துக்கொண்டார்கள். அவள் போட்டு வைத்திருந்த திட்டத்தை அப்படியே நடத்தினார்கள். புதியது நன்றாக ஓடியது. சென்னையில் ஒரு ஹோட்டலில் விழா வைத்து, மேலாளருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அந்தப் படத்தில் கயலும் ஓரமாக நிற்கிறாள். வெளிநாட்டு ஆபீசுக்கு வேறு யாரையோ அனுப்பிவிட்டார்கள். அதையும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

அடுத்த தடவை நான் புனே போனபோது, "திருமதி பேச்சியம்மாள்" என்று சரியாகக் கூப்பிட்டார்கள். என் பெயர்தான். எழுந்து போக எனக்குக் கால் வரவில்லை.

அதற்குப் பிறகு லலிதா வேறு வேலைக்குப் போகவில்லை. போன இடமெல்லாம் முதல் கேள்வி அந்த ஞாயிற்றுக்கிழமை பற்றித்தான். நம் தெருவுக்கு மேலேதான் விமானம் தாழ்ந்து போகும். மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது அண்ணாந்து பார்ப்பாள். "பாருங்க அக்கா, நான் எழுதுனது மேல போகுது. நான் கீழ பாவாடைக்குக் கிளிப்பு போடுறேன்."

கயலை வழியில் பார்த்தால், சாப்பிட்டியா என்று கேட்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. ஒரு நாள் எனக்குத் தாங்கவில்லை. "அவளை நாலு வார்த்தை திட்டிரு லலிதா. உன்னைக் காட்டிக்குடுத்தவ" என்றேன்.

"அவ என்னைக் காட்டிக்குடுக்கல அக்கா" என்றாள். "என்னைக் காட்டல. அம்புட்டுதான்."

போன வாரம் துணி எடுக்க மாடிக்குப் போனவள் கீழே வரவில்லை. இதயம் நின்றுவிட்டது என்றார்கள் டாக்டர்கள்.

பேரையூரிலிருந்து நான் வந்து சேர்ந்தபோது வாசலில் ஒரு பெரிய மலர்வளையம் இருந்தது. கம்பெனி பெயர் போட்ட பட்டை அதில் தொங்கியது. சென்னையிலிருந்து மேலாளரே வந்திருந்தார். லலிதாவின் வீட்டுக்காரர் பாஸ்கரின் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா மாதிரி இனி ஒருத்தர் வர முடியாது சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். கயலும் அங்கேதான் நின்றாள்.

"தம்பி, உங்க அம்மா இருக்காங்களா?"

"இருக்காங்க பாட்டி. கும்பகோணத்துல."

"போன்ல பேசுவீங்களா?"

"தினமும் பேசுவேன்."

"பேசி முடிச்சு வைக்கும்போது என்ன சொல்லி வைப்பீங்க?"

அவர் யோசிக்கவில்லை. "சரிம்மா, வைக்கிறேன்னு..." என்றார். என் முகத்தைப் பார்த்தார். கயலைப் பார்த்தார். பிறகு மலர்வளையத்தின் பட்டையைச் சரிசெய்யக் குனிந்தார்.

"அக்கா, விடுங்க. இப்ப எதுக்கு" என்று பாஸ்கர் தம்பி என் தோளைத் தொட்டார். அவர் அழுதுகொண்டிருந்தார். அவருக்காக விட்டேன். அந்த மனிதருக்காக இல்லை.

எழுதி முடித்த தாள்களை நேற்று கயலிடம் கொடுத்தேன். "பொய் இருந்தா அடிச்சுரு" என்றேன். உட்கார்ந்து படித்தாள். தன்னைப் பற்றி எழுதியிருந்த பக்கத்தை மட்டும் இரண்டு தடவை படித்தாள்.

"இது வந்துச்சுன்னா எனக்கு அங்க வேலை இருக்காது அம்மாச்சி."

"தெரியும்."

"தெரிஞ்சும் எழுதியிருக்க."

"ஆமா."

பேனாவை எடுத்தாள். அடிக்கப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். முந்தின பக்கத்துக்குத் திருப்பி, அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி எழுதின இடத்தில் விரலை வைத்தாள்.

"இங்க தப்பு இருக்கு. ஒரே ஒரு தடவை இல்லன்னு சொன்ன மாதிரி எழுதியிருக்க. நீ சாப்பாட்டோட உள்ள வர்றதுக்கு முன்னாடியே சொல்லிட்டாங்க. அவரு சுத்திச் சுத்திக் கேட்டாரு. கேட்ட ஒவ்வொரு தடவையும் லலிதாம்மா இல்லன்னுதான் சொன்னாங்க. கடைசி வரைக்கும் இல்லன்னுதான் சொன்னாங்க."

பேனாவை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. மேலே நான் எழுதியதைத் திருத்தவில்லை. அவள் சொன்னதை அவள் வாயால் சொன்னபடியே இங்கே வைத்திருக்கிறேன்.

பாஸ்கர் தம்பி, லலிதாவின் பட்டுச் சேலை ஒன்றைக் கொடுத்தார். அதை என் மகளிடம் கொடுத்துவிட்டேன். நான் வைத்துக்கொண்டது அவள் சொன்ன அந்த "இல்ல". கம்பெனிக் காகிதம் எதிலும் அதற்கு இடம் கிடையாது. என்னிடம் இருக்கிறது. கேட்கிறவர்களுக்குச் சொல்வேன். கேட்காதவர்களுக்கும் சொல்வேன்.